சல்லிவன் துரைக்கு ஒரு பொன்னாடை

பழைய ஒலிம்பிக் கதைகளை எடுத்துவிட்டால் எந்தச் சபையிலும் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. மாரத்தானில் ஒருவர் பதினோரு மைல் காரில் போனார். இன்னொருவர் வழியில் ஆப்பிள் பறித்துத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துத் தூங்கினார். மூன்றாமவரை நாய் துரத்தியது. ஜெயித்தவருக்கோ ஓட ஓட விஷம் ஊட்டினார்கள். இவ்வளவும் ஒரே பந்தயத்தில், ஒரே மதியத்தில் நடந்தவை: 1904 ஆகஸ்ட் 30, அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரம். சொல்லிச் சிரித்துவிட்டு, "ஆரம்பகாலம், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே குழப்பம்" என்று எழுந்து போய்விடுவது வழக்கம்.

பாவமாவது, பரிதாபமாவது! அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் ஓடலாம், யாரை வாசலோடு அனுப்ப வேண்டும், யாரைக் கூண்டுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும், யாருடைய பெயரைக் கேட்கவே வேண்டாம் என்பதிலெல்லாம் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. ஓடுகளத்தில் மரம் நிற்கும், தேதி மாறும், பரிசு எதற்கென்று வாங்கியவருக்கே தெரியாது. ஆனால் அந்தப் பட்டியல் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாது. மேலே உட்கார்ந்தவர்களுக்குக் குழப்பம் ஒரு சலுகை. கீழே நின்றவர்களுக்குச் சட்டம் எப்போதும் சட்டமாகவே இருந்தது.

கார்லோ ஐரோல்டி என்று ஓர் இத்தாலிக்காரர். 1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டார். கையில் காசு இல்லை. மிலானிலிருந்து கிளம்பி, இடையில் கடலைக் கடக்க ஏறிய கப்பல் தவிர, நடந்தே கிரேக்கம் போய்ச் சேர்ந்தார். மாரத்தான் ஓட இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? பெயர் கொடுக்கப் போன இடத்தில் கேட்டது வேறு: இதற்கு முன் பந்தயத்தில் பணம் வாங்கியது உண்டா? உண்டு. முந்தைய ஆண்டு மிலானிலிருந்து பார்சிலோனா வரை நடந்த நெடும் பந்தயத்தில் ஜெயித்துப் பரிசுப் பணம் வாங்கியிருந்தார். அப்படியானால் நீ தொழில்முறைக்காரன், இடமில்லை, போய்வா என்றார்கள்.

அதே மாரத்தானில் மூன்றாவதாக வந்த கிரேக்கர் பெலோகாஸ், வழியில் கொஞ்ச தூரத்தை வண்டியில் ஏறிக் கடந்தவர். நான்காவதாக வந்த ஹங்கேரிக்காரர் முறையிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வண்டியில் வந்தவரைக் காணாத கண்கள், நடந்து வந்தவரின் சட்டைப்பையில் என்றோ விழுந்த காசை மட்டும் கூர்ந்து பார்த்திருக்கின்றன.

விளையாட்டில் காசு வாங்கியவனுக்கு இடமில்லை என்கிற இந்த 'அமெச்சூர்' விதி எந்தக் கருவறையில் பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தில், கனவான்களின் படகுத்துறையில். தேம்ஸ் நதியின் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879-இல் எழுதி வைத்தார்கள்: கைவினைஞர், தொழிலாளி, கூலிக்கு உழைப்பவர் யாரும் இங்கே போட்டியிட முடியாது. படகை இழைத்துக் கொடுக்கலாம், கரையில் இழுத்துக் கட்டலாம், ஈரம் துடைத்து வைக்கலாம். ஏறி உட்கார்ந்து துடுப்புப் போடக் கூடாது. காரணம் கேட்டால், உடம்பால் உழைக்கிறவனுக்கு உடம்பு முறுக்கேறி இருக்குமாம், அது மற்றவர்களுக்கு அநியாயமாம். அதாவது துரை தோற்றுப்போவார். இந்தத் தீட்டை நமக்கு யாரும் பாடம் எடுத்து விளக்க வேண்டியதில்லை. கோயில் கட்டிய கொத்தனாரை வெளியே நிறுத்திய ஊர்க்காரர்கள் நாம்.

1920-இல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கரை ஹென்லி திருப்பி அனுப்பியது. அவருடைய படகுச் சங்கத்தின் மேல் பழைய கோபம் ஒன்று, அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பது இன்னொன்று. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் கோப்பை வாங்கிய கனவானையே தோற்கடித்துக் கெல்லி தங்கம் வாங்கினார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகிற வழியில் இறங்கிய ஆஸ்திரேலியக் குழுவையும் ஹென்லி சேர்க்கவில்லை. அவர்கள் போலீஸ்காரர்கள், சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு 1937-இல்தான் அந்த வரியை அடித்தார்கள். அடித்தார்களே தவிர, ஐம்பத்தெட்டு வருஷம் அதை எப்படி வைத்திருந்தோம் என்று வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

1900 பாரிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது உலகப் பொருட்காட்சியின் வாலில் கட்டிவிட்ட விளையாட்டு. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தார்கள். புல்தரையில் ஓட்டம், வட்டு எறிந்தால் மரத்தில் போய் மோதும், சேன் நதியில் நீச்சல். நீச்சலில் ஒரு வகை, நதியில் கிடந்த படகுகள் மேல் ஏறியும் அடியில் புகுந்தும் போவது. உயிருள்ள புறாக்களைச் சுடுவதும் ஒரு போட்டி. பெல்ஜியத்துக்காரர் ஒருவர் 21 புறாக்களைக் கொன்று முதலிடம் பெற்றார். உலக சமாதானத்துக்காகத் தொடங்கிய விழா என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் தாண்டுதலில் நடந்ததை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. மேயர் பிரின்ஸ்டீன் யூதர். அவர் படித்த கல்லூரியோ கிறிஸ்தவக் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை களமிறங்கக் கூடாது என்று அவருக்குத் தடை போட்டது. கிறிஸ்தவரான கிரென்ஸ்லைன் ஞாயிற்றுக்கிழமை தாராளமாகக் களமிறங்கி, பிரின்ஸ்டீன் ஏற்கெனவே தாண்டியிருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டி, தங்கத்தைத் தட்டிச் சென்றார். ஓய்வுநாளை அனுசரித்தவர் யூதர், அதுவும் அடுத்தவர்களின் ஓய்வுநாளை!

கல்கத்தாவில் பிறந்த இரண்டு பேர் அந்தப் பாரிஸில் பரிசு வாங்கினார்கள். ஒருவர் நார்மன் பிரிட்சர்ட். ஓட்டத்தில் இரண்டு வெள்ளி. அவற்றை இந்தியாவின் கணக்கில் எழுதுவதா, பிரிட்டனின் கணக்கில் எழுதுவதா என்று இன்றைக்கும் ஏட்டுக்கு ஏடு வேறுபடுகிறது. அவர் பின்னாளில் ஹாலிவுட்டுக்குப் போய் நடிகராகிவிட்டார். இன்னொருவர் மார்கரெட் அபாட் என்ற அமெரிக்கப் பெண். ஓவியம் படிக்கப் பாரிஸ் வந்தவர், கோல்ஃப் போட்டி என்று கேள்விப்பட்டு ஆடினார், ஜெயித்தார், பரிசாக ஒரு பீங்கான் கிண்ணம் கொடுத்தார்கள். அது ஒலிம்பிக் என்று யாரும் சொல்லவில்லை. ஒலிம்பிக்கில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் தான்தான் என்று தெரியாமலே 1955-இல் இறந்துபோனார்.

அதே பாரிஸில் டச்சுப் படகோட்டிகள் இருவர் தங்கள் சுக்கான்காரர் கனமாக இருக்கிறார் என்று இறக்கிவிட்டு, கரையில் நின்ற ஒரு பிரெஞ்சுச் சிறுவனைத் தூக்கி உட்கார வைத்து ஜெயித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பையனின் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நூற்று இருபது வருஷத்துக்கு மேலாகியும் ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கனவானாக இருந்திருந்தால் முப்பாட்டன் பெயர்வரை ஏட்டில் இருந்திருக்கும்.

இதுவரை சொன்னதில் கொஞ்சம் சிரிக்க இடமுண்டு. இனி செயிண்ட் லூயிஸ்.

1904 ஒலிம்பிக் முதலில் சிகாகோவுக்குத்தான் கொடுக்கப்பட்டது. செயிண்ட் லூயிஸில் உலகப் பொருட்காட்சி நடத்தியவர்கள், எங்களுக்குத் தராவிட்டால் போட்டிப் பந்தயம் வைப்போம் என்று முறைத்தார்கள். ஒலிம்பிக்கின் தந்தை என்று நாம் படிக்கிற கூபர்டின் பிரபு இடத்தை மாற்றிக் கொடுத்தார், ஆனால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொருட்காட்சி எதற்காக என்றால், 1803-இல் லூசியானா நிலப்பரப்பைப் பிரான்ஸிடமிருந்து அமெரிக்கா ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியதன் நூற்றாண்டுக் கொண்டாட்டம், ஒரு வருஷம் தாமதமாக. விற்றவர் பாரிஸில் இருந்தார், வாங்கியவர் வாஷிங்டனில் இருந்தார். மண்ணில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூறு வருஷம் கழித்துத்தான் அவர்களுக்கு அழைப்பு வந்தது, காட்சிப்பொருளாக வந்து உட்காரச் சொல்லி.

அப்பாச்சிப் போராளி ஜெரோனிமோ அங்கே இருந்தார். அவர் அப்போதும் போர்க்கைதி. காவலோடு வந்து, தன் படத்தில் கையெழுத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஸ்பெயினிடமிருந்து இரண்டு கோடி டாலருக்குப் புதிதாக வாங்கிய பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரம் பேருக்கு மேல் கொண்டுவந்து கிராமம் கிராமமாகக் குடிவைத்தார்கள். அதில் இகொரோட் மக்களின் குடிசைப்பக்கம் கூட்டம் அலைமோதியது. அவர்கள் சடங்குக்கு எப்போதோ உண்ணும் நாய்க்கறியை நாள்தோறும் காட்சியாக்கி டிக்கெட் விற்றார்கள். காங்கோவிலிருந்து ஓட்டா பெங்கா என்ற இளைஞரையும் அவரோடு வேறு சிலரையும் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1906-இல், அதே ஓட்டா பெங்காவை நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலையில் குரங்குக் கூடத்தில் வைத்தார்கள். 1916-இல் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். காட்சிச்சாலையை நடத்துகிற அமைப்பு வருத்தம் தெரிவிக்க 2020 வரை ஆயிற்று.

இந்தக் கண்காட்சியும் ஒலிம்பிக்கும் ஒரே வளாகம். இரண்டையும் முடிச்சுப் போட இரண்டு அறிவாளிகள் கிடைத்தார்கள். ஒருவர் பொருட்காட்சியின் மானுடவியல் துறைத் தலைவர் மெக்கீ. மற்றவர் விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்த ஜேம்ஸ் சல்லிவன், அமெரிக்க அமெச்சூர் அத்லெடிக் யூனியனின் பெரிய தலை. இருவரும் சேர்ந்து ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் 'மானுடவியல் நாட்கள்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த மனிதர்களை எழுப்பிக் கூட்டி வந்து, வெள்ளைக்காரர்களின் ஓட்டமும் குண்டு எறிதலும் தாண்டுதலும் செய்யச் சொல்வது. ஜப்பானின் வடகோடி ஐனு, தென் அமெரிக்கப் படகோனியர், காங்கோக்காரர், பிலிப்பைன்ஸ் மலைவாசிகள், அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோரும் வரிசையில்.

அவர்களுக்குப் பயிற்சி உண்டா? இல்லை. விதிகளை அவரவர் மொழியில் ஒழுங்காகச் சொன்னார்களா? இல்லை. துப்பாக்கி வெடித்தது. சிலர் எதற்கு வெடித்தது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் ஓடினார்கள். முடிவுக்கோட்டில் கட்டியிருந்த நாடாவை நெருங்கியதும், முந்தி வந்தவர்களில் சிலர் நின்று, பின்னால் வருகிற தோழர்களுக்காகக் காத்திருந்தார்கள். சிலர் நாடாவைக் கிழிக்க மனமில்லாமல் குனிந்து அடியில் புகுந்து போனார்கள். அந்த மைதானத்தில் அன்றைக்கு நாகரிகம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தார்கள் என்றால் அவர்கள்தான். துரைமார் குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அப்புறம் சேற்றை வாரி எறிந்து சண்டை போடுவது, வழுக்கு மரம் ஏறுவது என்று சில அயிட்டங்கள். எந்தப் பக்கம் கூட்டம் சிரிக்கும் என்று பார்த்து வைத்தவை. எல்லாம் முடிந்ததும் சல்லிவன் அறிக்கை எழுதினார். காட்டுமனிதர்கள் பிறவியிலேயே ஓடவும் எறியவும் வல்லவர்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை, வெள்ளையரின் பக்கத்தில்கூட அவர்கள் வர முடியாது, இதோ அளவுகள் என்றார். அளவுநாடா பொய் சொல்லுமா? மறுநாளே ஒருவன் சல்லிவனை இகொரோட் மலைச்சரிவில் இறக்கிவிட்டு, படிக்கட்டுக் கழனியில் இரண்டு நாள் நாற்று நடச் சொல்லி அளந்திருந்தால், வெள்ளை இனத்தின் தகுதி பற்றி எவ்வளவு அருமையான அறிக்கை கிடைத்திருக்கும்!

மெக்கீ செப்டம்பரில் இன்னொரு தடவை, கொஞ்சம் பயிற்சியும் பரிசுப் பணமும் கொடுத்து நடத்தினார். ஆட்டம் தேறியது. அதைப் பற்றி எழுத ஆளில்லை. கூபர்டின் பிரபு கேள்விப்பட்டு முகம் சுளித்தார், கறுப்பரும் செவ்வரும் மஞ்சளரும் வெள்ளையரை முந்துகிற நாளில் இந்தக் கூத்து ருசிக்காது என்கிற மாதிரி சொன்னதாகவும் சொல்வார்கள். நல்ல வார்த்தை. ஆனால் சல்லிவன் மேல் ஒரு நடவடிக்கையும் கிடையாது. முகம் சுளிப்பதும் கனவான்களின் விளையாட்டுகளில் ஒன்றுதான் போலிருக்கிறது. அதில் அவர்கள் தோற்றதே இல்லை.

இப்போது அந்த மாரத்தான். ஏறக்குறைய 32 டிகிரி வெயிலில், பிற்பகலில், புழுதிச் சாலையில், ஏழு மேடுகள் ஏறி இறங்கி நாற்பது கிலோமீட்டர். நடுவர்களும் மருத்துவர்களும் நிருபர்களும் காரில் முன்னும் பின்னும் போய்ப் புழுதியைக் கிளப்பினார்கள். பன்னிரண்டாவது மைல் பக்கத்தில் ஒரு கிணறு. அதற்கப்புறம் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், இது விஞ்ஞானம்! தண்ணீர் குடிக்காமல் ஓடினால் மனித உடம்பு என்ன ஆகும் என்று பார்க்கச் சல்லிவனுக்கு ஆசை. என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் வில்லியம் கார்சியா காட்டினார். புழுதி உள்ளே போய் வயிற்றுச் சுவர் கிழிந்து, ரத்தம் கக்கி, ரோட்டோரம் விழுந்து கிடந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். கிளம்பியவர்கள் 32 பேர், வந்து சேர்ந்தவர்கள் 14.

ஜெயித்த தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. வெந்நீரில் நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்தார்கள். அப்புறம் முட்டையின் வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம். எலிக்கு வைப்பார்களே, அது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை, இந்த முறை பிராந்தியோடு. படுக்கிறேன் என்றவரைப் படுக்க விடவில்லை. கண் செருகி, கால் இழுத்துக்கொண்டு, தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். கூட இருந்த லூகாஸ் என்பவர், நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு மருந்து மிகவும் உபகாரம் என்பது இதனால் நிரூபணமாயிற்று என்று பெருமையாக எழுதினார். ஊக்கமருந்துக்கு நற்சான்று கொடுத்தவர்கள் இந்தக் கனவான்களே.

ஆப்பிள் தின்றவர் கியூபாவின் ஃபெலிக்ஸ் கார்வஹால், தபால்காரர். வசூல் செய்து வந்த பணத்தை நியூ ஆர்லியன்ஸில் சூதாட்டத்தில் விட்டு, கிடைத்த வண்டியில் தொற்றி வந்து சேர்ந்தவர். முழுக்கால் சட்டையை அங்கேயே கத்தரியால் வெட்டி, தெருவில் போட்டு நடக்கிற ஷூவோடு ஓடினார். அவர் பசியால் ஆப்பிள் பறித்தார், அது அழுகல், வயிறு பிடித்துக்கொண்டது. அப்படியும் எழுந்து ஓடி நான்காவதாக வந்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஓடவந்தவனுக்கு ஒரு வேளைச் சோறு போடாத அமைப்பைப் பார்த்து வேண்டுமானால் காறித் துப்பலாம்.

நாய் துரத்தியவர் லென் டவுன்யானே. அவரும் யான் மஷியானியும் தென்னாப்பிரிக்காவின் ட்ஸ்வானா மக்கள். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர்கள். அவர்களை ஒரு நாடும் ஒலிம்பிக்குக்கு அனுப்பவில்லை. பொருட்காட்சியில் போயர் யுத்தத்தை நாடகமாக நடித்துக் காட்டிய கம்பெனியோடு வந்தவர்கள். நாய் துரத்தி ஒரு மைல் வழி தவறிப் போய், திரும்பி வந்து, டவுன்யானே ஒன்பதாவதாக முடித்தார். மஷியானி பன்னிரண்டாவது. ஏட்டில் இருவரையும் 'ஜூலு' என்று எழுதினார்கள், பெயர்களை வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். பதினெட்டு நாளைக்கு முன்புதான் சல்லிவனின் அளவுநாடா இவர்களைப் போன்றவர்களுக்கு ஓட வராது என்று தீர்ப்பளித்திருந்தது. பாதியில் விழுந்த பதினெட்டு பேரில் பயிற்சி பெற்ற வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர் என்று அவர் அறிக்கை எழுதவில்லை.

காரில் போனவர் ஃபிரெட் லோர்ஸ். தசை பிடித்துக்கொண்டதும் காரில் ஏறிப் பதினோரு மைல் போய், கார் நின்றதும் இறங்கி ஓடி மைதானத்துக்குள் வந்தார். கைதட்டல் வானைப் பிளந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் பரிசளிக்க நின்றுகொண்டிருந்தார். அதற்குள் உண்மை வெளியே வந்தது. சும்மா விளையாட்டுக்கு என்றார் லோர்ஸ். ஆயுட்காலத் தடை விதித்தார்கள். ஆயுள் சில மாதங்களில் முடிந்துவிட்டது. 1905 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் ஓடி, இந்த முறை காலால், ஜெயித்தார். சரி, மன்னித்தார்கள், நல்லது. இந்த மன்னிப்பை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

லண்டன் 1908-இல் நடுவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்கள், அதைச் சொன்னால் போதும். மாரத்தான் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் ராஜகுடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடிய வேண்டும் என்று 26 மைலும் 385 கஜமும் வைத்தார்கள். இன்றைக்குச் சென்னைக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை மாரத்தான் ஓடுகிறவர்களும் அந்த 385 கஜத்தைச் சேர்த்துத்தான் ஓடுகிறார்கள். மிட்டாய்க்கடையில் வேலை பார்த்த இத்தாலியர் டொராண்டோ பியெத்ரி அந்தக் கடைசிக் கஜங்களில்தான் திரும்பத் திரும்ப விழுந்தார். நடுவர்களே தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள், பிறகு உதவி பெற்றதற்காக அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தூக்கிய கைகளுக்குத் தண்டனை இல்லை.

இனி ஜிம் தோர்ப். 1912, ஸ்டாக்ஹோம். சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்தவர், பூர்வகுடிப் பிள்ளைகளை 'நாகரிகப்படுத்த' நடத்திய கார்லைல் பள்ளியின் மாணவர். பெண்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். டெகத்லானில் இரண்டாவது வந்தவரைவிட ஏறக்குறைய 700 புள்ளி அதிகம். அவர் பிறந்த மண்ணில் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்ததே 1924-இல்தான். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அந்த நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

1913 ஜனவரியில் பத்திரிகையில் வந்தது: தோர்ப் 1909, 1910 கோடையில் வட கரோலினாவில் சில்லறைக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார். கல்லூரிப் பையன்கள் பலரும் ஆடியதுதான். அவர்களெல்லாம் பொய்ப்பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார், அதுதான் அவர் செய்த தப்பு. ஒலிம்பிக் விதிப்படி ஆட்சேபத்தை 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஆகியிருந்தது. விதியாவது ஒன்றாவது! அமெச்சூர் யூனியன் மன்னிப்புக் கேட்டுப் பதக்கங்களைப் பிடுங்கி அனுப்பியது. இரண்டாவது வந்தவர்கள் வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டார்கள். பிடுங்கியவர்களுக்குக் கூச்சம் வரவில்லை. காரில் போனவனுக்குச் சில மாதம், கூலிக்குப் பந்து அடித்தவனுக்கு எழுபது வருஷம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பிடுங்கிய கூட்டத்தின் செயலாளர் யார் என்று கேட்கிறீர்களா? நம்ம ஜேம்ஸ் சல்லிவன்தான். ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, இந்த இடத்தில் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். மடலையும் நானே வாசித்துவிடுகிறேன்.

சல்லிவன் துரை அவர்களே! அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்து, கனவான்கள் உள்ளே விடாத வாசலில் வளர்ந்து, கடைசியில் அந்த வாசலுக்கே காவலாளியாகிக் கனவான்களைவிடக் கெடுபிடி காட்டினீர்களே, அந்த விசுவாசத்துக்கு முதல் மாலை. விளையாட்டில் காசு வாங்குவது மகாபாவம் என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு, மட்டையும் பந்தும் விற்கிற ஸ்பால்டிங் கம்பெனியின் புத்தகப் பதிப்பகத்துக்குச் சாகும்வரை தலைவராக உட்கார்ந்து விளையாட்டை வைத்தே பிழைத்தீர்களே, அந்தச் சாமர்த்தியத்துக்கு இரண்டாவது மாலை. ஆடுகிறவன் தொட்டால் தீட்டாகிற காசு, ஆட்டுவிக்கிறவன் கைக்கு வந்ததும் சம்பளமாகிவிடுகிற அந்த வித்தையை உலக விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் உங்களிடம்தான் கற்றன. 1912-இல் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் போட்டி வைத்தபோது அமெரிக்கப் பெண் ஒருவரும் போகாமல் பார்த்துக்கொண்டீர்களே, அதற்கு மூன்றாவது. தாகத்தில் தவித்தவர்களின் தொண்டையில் விஞ்ஞானம் வளர்த்துவிட்டு, மறுநாள் மாரத்தான் மனித சக்திக்கு மீறியது, நிறுத்திவிடலாம் என்று பத்திரிகைக்காரர்களிடம் கருணை பொழிந்தீர்களே, அதற்கு எந்த மாலையும் போதாது. எடைக்கு எடை புழுதி கொடுக்கலாம்.

1914-இல் சல்லிவன் காலமானார். வேலையைத் தொடர ஆள் இருந்தது. ஸ்டாக்ஹோமில் அதே பெண்டத்லானில் தோர்ப்பிடம் தோற்று ஆறாவதாக வந்த ஏவரி பிரண்டேஜ் பின்னாளில் சிகாகோவில் கட்டட ஒப்பந்தத்தில் பணக்காரராகி, 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். தோர்ப்பின் பதக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் மறுத்தார். தன்னை ஜெயித்தவனின் வழக்கில் தானே நீதிபதி! இதைத்தான் அவர்கள் விளையாட்டு உணர்வு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

தோர்ப் 1953-இல் கலிபோர்னியாவில் ஒரு டிரெய்லர் வீட்டில், கையில் காசில்லாமல் இறந்தார். 1982-இல் பெயரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்து, மறு வருஷம் பிள்ளைகளிடம் பதக்கத்தின் நகலைக் கொடுத்தார்கள். அப்போதும் முழு மனசு வரவில்லை, 'இணை வெற்றியாளர்' என்றுதான் எழுதினார்கள். 700 புள்ளி பின்னால் வந்தவரோடு இணை! 2022 ஜூலையில்தான் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் 1930-இல் அமெச்சூர் அத்லெடிக் யூனியன் ஆண்டுதோறும் அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் வீரருக்கென்று ஒரு விருது ஏற்படுத்தியது. விளையாட்டோடு நல்லொழுக்கத்தையும் பார்த்துத் தருகிற விருது. அதற்கு ஜேம்ஸ் சல்லிவன் விருது என்று பெயர். தோர்ப்பின் பெயரை அவருக்குரிய இடத்தில் எழுத நூற்றுப் பத்து வருஷம் பிடித்தது. சல்லிவனின் பெயரை அந்த விருதிலிருந்து எடுக்க ஒரு தீர்மானம் போதும். யூனியன்காரர்கள் இன்னும் அதைப் போடவில்லை.